‘டென்னசி’ வானொலிக்குள் நுழைந்த விதம்: ஒரு நிகழ்வு ஆய்வு

1992 கோடையில் அமெரிக்க பாப் வானொலிகளில் ஒரு ராப் பாட்டு திரும்பத் திரும்ப ஓடியது. அதில் ஒரு இளைஞன் கடவுளிடம் முறையிடுகிறான். மனசு நொந்து போயிருக்கிறது, எங்கே போவதென்று தெரியவில்லை என்கிறான். கடவுள் அவனை டென்னசி மாநிலத்துக்கு அனுப்புகிறார். அங்கே அவன் முன்னோர்கள் நடந்த சாலைகளில் நடக்கிறான். அவர்கள் தூக்கில் தொங்கவிடப்பட்ட மரங்களில் ஏறி, நீங்கள் கண்டதையெல்லாம் சொல்லுங்கள் என்று அந்த மரங்களிடமே கேட்கிறான். உன் காதுகள் இன்னும் பிஞ்சுக் காதுகள் என்று சொல்லிவிடுகின்றன மரங்கள்.

அரெஸ்டட் டெவலப்மென்ட் என்ற அட்லாண்டா குழுவின் ‘டென்னசி’ அது. பில்போர்டு இசைப் பத்திரிகையின் ஹாட் 100 பட்டியலில் 6ஆம் இடம், கறுப்பின இசைக்கான ஆர்&பி பட்டியலில் முதலிடம். கார் விளம்பரத்துக்கும் கோலா விளம்பரத்துக்கும் நடுவில், கும்பல் கொலையைப் பற்றிப் பேசும் ஒரு பாட்டு மாதக்கணக்கில் ஓடியிருக்கிறது. அந்தக் கால வானொலி எப்படி நடந்தது என்று தெரிந்தவர்களுக்கு இது எளிதில் நம்பக்கூடிய விஷயம் இல்லை.

சமூக அக்கறையுள்ள ராப் வெகுஜன வானொலியில் ஜெயித்ததற்கு உதாரணம் கேட்டால் பலரும் இந்தப் பாட்டைச் சொல்வார்கள். அதன் நல்ல செய்திக்காகக் கதவு திறந்தது என்பதுதான் வழக்கமான விளக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. கதவு திறந்தது வேறு காரணங்களால், செய்தி அதன் கூடவே உள்ளே வந்தது. அந்தக் குழு அடுத்த இரண்டு வருஷத்தில் சரிந்ததையும் சேர்த்துப் பார்த்தால்தான் இது தெளிவாகும்.

அன்றைய வானொலி

அமெரிக்க வானொலி அப்போது ஃபார்மட் என்ற பெயரில் கூறு போடப்பட்டிருந்தது. கறுப்பின நேயர்களுக்கான நிலையங்களுக்கு ‘அர்பன்’ என்று பெயர். பாப் பாட்டுகளுக்கான நிலையங்கள் ‘டாப் 40’. இரண்டிலுமே ராப்புக்கு நல்ல வரவேற்பு இல்லை.

டாப் 40 நிலையங்கள் ராப்பை ஒதுக்கியதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. சில நிலையங்கள் ‘எங்களிடம் ராப் கிடையாது’ என்பதையே விளம்பரமாகச் சொல்லிக்கொண்டன. கறுப்பின நிலையங்களே பகலில் ராப்பைத் தொடத் தயங்கியதுதான் பலருக்குத் தெரியாத பக்கம். விளம்பரம் கொடுக்கும் கம்பெனிகளுக்குத் தேவை வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கும் நடுவயதுக்காரர்கள். ராப் போட்டால் அவர்கள் நிலையத்தை மாற்றிவிடுவார்கள் என்று பயம். ராப்பெல்லாம் இரவு நேர மிக்ஸ் நிகழ்ச்சிகளுக்கு ஒதுக்கப்பட்டது. கறுப்பின அரசியலைக் கோபமாகப் பேசும் பப்ளிக் எனிமி என்ற ராப் குழு வானொலியின் தயவு பெரிதாக இல்லாமலேயே பத்து லட்சம் ஆல்பங்கள் விற்றது. தங்கள் பாட்டுகளைப் போடாத வானொலிகளை அவர்கள் பாட்டிலேயே திட்டினார்கள். திட்டியதில் கறுப்பின நிலையங்களும் அடக்கம்.

அதற்கு முன்பே கதவைத் தட்டிப் பார்த்த பாட்டு ஒன்று உண்டு. 1982இல் கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் அண்ட் த ஃப்யூரியஸ் ஃபைவ் பெயரில் வந்த ‘த மெசேஜ்’. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி வறுமையை அப்பட்டமாகச் சொன்ன பாட்டு. ஆர்&பி பட்டியலில் 4ஆம் இடம் வரை போனது. ஹாட் 100இல் 62ஐத் தாண்டவில்லை. கறுப்பின நிலையங்கள் ஏற்றுக்கொண்டன, பாப் நிலையங்கள் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை என்பதை அந்த இரண்டு எண்களே சொல்லிவிடும்.

1990 வாக்கில் பாப் வானொலி ராப்பைக் கொஞ்சம் உள்ளே விட்டது. எம்.சி. ஹாமர், வெனிலா ஐஸ் என்று ஆட்டம் போட வைக்கும் ராப். 1992இல் எட்டு வாரம் முதலிடத்தில் இருந்த க்ரிஸ் க்ராஸ் என்ற சிறுவர் ஜோடியும் அட்லாண்டாவிலிருந்து வந்தவர்கள்தான். ஆடலாம், சிரிக்கலாம், குடும்பத்தோடு கேட்கலாம் என்கிற வரைக்கும் ராப்புக்கு அனுமதி இருந்தது.

இதோடு கணக்கெடுக்கும் முறையும் மாறியது. இதைப் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை. அதுவரை பில்போர்டு பட்டியல்கள், கடைக்காரர்களும் வானொலி நிர்வாகிகளும் சொல்லும் தகவலை நம்பித் தயாரிக்கப்பட்டன. எது விற்கிறது, எது ஓடுகிறது என்று அவர்கள் சொன்னதுதான் கணக்கு. ஒரு கடைக்காரருக்கு ராப் பிடிக்கவில்லை என்றால் அது பட்டியலில் கீழே போய்விடும். 1991 மே மாதம் ஆல்பம் பட்டியலுக்கு சவுண்ட்ஸ்கேன் வந்தது. கல்லாப்பெட்டியில் பார்கோடு ஸ்கேன் ஆகும் எண்ணிக்கையே கணக்கானது. அடுத்த மாதமே, தெருக் குற்ற வாழ்க்கையைப் பாடும் கேங்ஸ்டா ராப் குழுவான என்.டபிள்யூ.ஏ.வின் ஆல்பம் முதலிடத்துக்கு வந்தது. புறநகர் வெள்ளைக்காரப் பையன்கள் எவ்வளவு ராப் வாங்குகிறார்கள் என்பது அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது. அந்த ஆண்டு நவம்பர் இறுதியில் ஹாட் 100ம் புது முறைக்கு மாறியது. விற்பனைக்கு சவுண்ட்ஸ்கேன், வானொலிக்கு பி.டி.எஸ். என்கிற கணினி முறை. எந்த நிலையத்தில் எந்தப் பாட்டு எத்தனை முறை ஓடியது என்பதை அதுவே ஒலியை வைத்து அடையாளம் கண்டு எண்ணிவிடும். யாரும் போனில் பொய் சொல்ல முடியாது.

நான்கே மாதம் கழித்து, 1992 மார்ச் 24 அன்று, அரெஸ்டட் டெவலப்மென்டின் முதல் ஆல்பம் வெளியானது. பழைய முறையே நீடித்திருந்தால் ‘டென்னசி’ 6ஆம் இடம் வரை போயிருக்குமா என்பது சந்தேகம்தான். இது என் ஊகம். பாட்டுக்குக் கேட்பவர்கள் இருந்தார்கள் என்பதை மறைக்க முடியாத காலத்தில் அது வந்தது என்பது ஊகம் இல்லை.

யார் இவர்கள்

குழுவின் தலைவர் ஸ்பீச். இயற்பெயர் டாட் தாமஸ், 1968இல் பிறந்தவர், வடக்கே விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி நகரில் வளர்ந்தவர். அவருடைய பெற்றோர் அந்த நகரின் கறுப்பின மக்களுக்காக ஒரு செய்தித்தாள் நடத்தினார்கள். அரசியலும் அச்சு மையும் வீட்டிலேயே இருந்தன என்று வைத்துக்கொள்ளலாம். படிப்புக்காகத் தெற்கே அட்லாண்டாவுக்கு வந்தவர், அங்கே ஹெட்லைனர் என்ற டிஜேயைச் சந்தித்தார். இருவரும் முதலில் கேங்ஸ்டா ராப் பக்கம்தான் சாய்ந்திருந்தார்கள். பப்ளிக் எனிமியைக் கேட்ட பிறகு பாதை மாறியது.

பாடகர்கள், நடனக்காரர், டிரம்மர் என்று ஆட்கள் சேர்ந்தார்கள். கூடவே பாபா ஓஜே என்று அறுபது வயதை ஒட்டிய ஒரு பெரியவர். ஆலோசகர் என்ற பெயரில் அவர் மேடையிலேயே உட்கார்ந்திருப்பார். வீட்டுக்கு மூத்தவர் இல்லாமல் எந்தக் காரியமும் நடக்கக் கூடாது என்கிற மாதிரி. ராப் என்றாலே பதினெட்டு வயதின் கோபம் என்று இருந்த காலத்தில் இது ரொம்பப் புதிய காட்சி.

உடையும் அப்படித்தான். நியூயார்க் ராப்பர்கள் தங்கச் சங்கிலியிலும் லாஸ் ஏஞ்சலஸ் ராப்பர்கள் கறுப்புத் தொப்பியிலும் நின்றபோது, இவர்கள் வயல்வேலைக்குப் போடும் டங்கரீஸ், ஆப்பிரிக்கத் துணி, சடைமுடி என்று வந்தார்கள். ‘டென்னசி’ வீடியோ கறுப்பு-வெள்ளையில் எடுக்கப்பட்டது. கிராமத்து வீடு, திண்ணை, வெட்டவெளி. ராப்பை மையமாகக் கொண்ட ஹிப்-ஹாப் உலகம் அதுவரை பெரும்பாலும் நகரத்தையே காட்டியிருந்தது. தெற்கு என்றால் தப்பித்து வந்த இடம். இருபதாம் நூற்றாண்டில் சுமார் 60 லட்சம் கறுப்பின மக்கள் தென் மாநிலங்களை விட்டு வடக்கேயும் மேற்கேயும் போனார்கள். அப்படிப் போன குடும்பங்களின் பேரப்பிள்ளைகள்தான் ஹிப்-ஹாப்பை உருவாக்கிய தலைமுறையில் ஏராளம். அவர்களில் ஒருவர் திரும்பத் தெற்கே வந்து, இதுவும் என் ஊர்தான் என்று பாடுகிறார். இந்தத் திருப்பத்தின் கனம் அமெரிக்கக் கறுப்பின நேயர்களுக்கு உடனே புரிந்திருக்கும்.

ஒப்பந்தம் கிடைப்பது சுலபமாக இல்லை. மூன்று வருஷம், ஐந்து மாதம், இரண்டு நாள் ஆனது. அதையே ஆல்பத்தின் பெயராக வைத்துவிட்டார்கள். கிறிசலிஸ் என்ற இசை நிறுவனம் எடுத்துக்கொண்டது.

பாட்டுக்குள்ளே என்ன இருக்கிறது

ஸ்பீச்சின் பாட்டியும் சகோதரரும் ஒரே வாரத்தில் இறந்தார்கள். பாட்டியின் ஊர் டென்னசி. சிறுவனாக இருந்தபோது ஸ்பீச் கோடை விடுமுறைகளை அங்கேதான் கழித்தார். சகோதரரைக் கடைசியாகப் பார்த்தது பாட்டியின் இறுதிச் சடங்கில். பாட்டில் வரும் டயர்ஸ்பர்க், ரிப்லி என்ற ஊர்ப் பெயர்கள் எல்லாம் அந்த வகையில் வந்தவை. அமெரிக்காவிலேயே பலருக்குத் தெரியாத சிற்றூர்கள் அவை.

அதாவது இது முதலில் ஒரு ஒப்பாரி. இந்தப் பாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் அவசரமாகக் கடந்து அரசியலுக்குப் போய்விடுகிறார்கள். கேட்டுப் பார்த்தால் வேறு மாதிரி. தொடக்கத்தில் ஒரு தனிமனிதனின் துக்கம். அழுகிற ஆள் கடவுளிடம் பேசுவதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது. அமெரிக்கத் தெற்கில் அது தேவாலயத்தின் அன்றாடக் குரல். அந்தத் துக்கத்தின் வழியே ஊருக்குப் போகிறோம், ஊரின் சாலைகள் வழியே மரங்களுக்குப் போகிறோம். மரம் வரும்போது நேயர் ஏற்கெனவே பாடகரோடு பாதி தூரம் நடந்துவிட்டார். அங்கே நின்று ‘இது அரசியல், எனக்கு வேண்டாம்’ என்று ரேடியோவைத் திருப்புவது கஷ்டம்.

சொல்லும் விஷயமோ லேசானது இல்லை. 1877க்கும் 1950க்கும் இடையே தென் மாநிலங்களில் 4,000க்கும் மேற்பட்ட கறுப்பின மக்கள் கும்பல்களால் கொல்லப்பட்டதாக ஈக்வல் ஜஸ்டிஸ் இனிஷியேட்டிவ் அமைப்பு ஆவணப்படுத்தியிருக்கிறது. டென்னசியும் அந்தப் பட்டியலில் உண்டு. 1892 மார்ச்சில் அந்த மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகரில் மளிகைக்கடை நடத்திய மூன்று கறுப்பின ஆண்களைச் சிறையிலிருந்து இழுத்துப்போய்க் கொன்றார்கள். அவர்களில் ஒருவரின் தோழியான பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ் அந்தக் கொலைகளை எதிர்த்து எழுதத் தொடங்க, அவருடைய பத்திரிகை அலுவலகத்தை உடைத்து நொறுக்கினார்கள். அது நடந்து சரியாக நூறு வருஷம் கழித்து, அதே மார்ச் மாதம், இந்த ஆல்பம் வருகிறது. திட்டமிட்டதாகத் தெரியவில்லை. ஆனாலும் தற்செயல் என்று சொல்லி நகர்ந்துவிட எனக்கு மனசு வரவில்லை.

இனி ஒலிக்கு வருவோம். என் வாதம் நிற்பதே இங்கேதான். பப்ளிக் எனிமியின் தயாரிப்பாளர்கள் சைரனையும் கிறீச்சொலியையும் அடுக்கடுக்காகப் போட்டுக் காதை உலுக்கினார்கள். வேண்டுமென்றே செய்த கலை அது, பிரமாதமான கலை. வேலைக்குக் கார் ஓட்டிப் போகிறவர் அதை எட்டு மணிக்குக் கேட்க மாட்டார். ‘டென்னசி’யில் டிரம்ஸ் துள்ளலாக இருக்கிறது, உடம்பை அசைக்க வைக்கிறது. ஸ்பீச் ராப் செய்வதும் பாடுவதும் ஒன்றோடொன்று கலந்து போகிறது. எங்கே பேச்சு முடிந்து ராகம் தொடங்குகிறது என்றே தெரியாது. கோரஸ் வருகிறது, என்னை வேறு இடத்துக்குக் கூட்டிப்போ, என்னை நோகடிப்பதையெல்லாம் மறக்கச் செய் என்கிற பொருளில், ஒரு தேவாலயக் கூட்டமே சேர்ந்து பாடலாம் போல. கடைசிப் பகுதியில் பாடகி டியான் ஃபாரிஸ் குரல் எழும்பி மேலே போகிறது. அந்த ஒரு நிமிஷத்துக்காகவே பாட்டைத் திரும்பப் போடலாம்.

ராப் வேண்டாம் என்று சொன்ன அர்பன் நிலையங்களுக்கு இதில் ஆட்சேபிக்க எதுவும் இல்லை. நடுவயதுக்காரர்களின் காதுக்கு இது ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கேட்கும் ஒலி. டாப் 40 நிலையங்களுக்கு கோரஸ் இருக்கிறது, கெட்ட வார்த்தை இல்லை. எடிட் செய்யவும் தேவை இல்லை.

தெருவில் நெருப்பு, வானொலியில் இது

ஆல்பம் வந்து ஐந்து வாரத்தில், ஏப்ரல் 29 அன்று, ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை அடித்த போலீஸ்காரர்களை விடுவித்துத் தீர்ப்பு வந்தது. லாஸ் ஏஞ்சலஸ் எரிந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஜூன் மாதம் அதிபர் தேர்தலில் நின்ற பில் கிளின்டன், சிஸ்டர் சோல்ஜா என்ற ராப்பரின் பேச்சைப் பகிரங்கமாகக் கண்டித்தார். அதே நாட்களில் ராப்பர் ஐஸ்-டியின் மெட்டல் குழுவான பாடி கவுன்ட்டின் ஒரு பாட்டு போலீஸாருக்கு எதிரானது என்று பெரும் ரகளை. ஜூலை இறுதியில் அந்தப் பாட்டை ஆல்பத்திலிருந்து நீக்கினார்கள். கறுப்பின ராப்பர் என்றாலே ஆபத்து என்று டிவி விவாதங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

இந்த வெப்பத்தில் ஒரு வானொலி நிலைய நிர்வாகியின் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். நாடே கறுப்பின மக்களின் கோபத்தைப் பற்றிப் பேசுகிறது. அதைப் பற்றி எதுவும் போடாமல் இருந்தாலும் அசிங்கம், எதையாவது போட்டு விளம்பரதாரரை இழந்தாலும் ஆபத்து. அப்போது கையில் இருக்கிறது ‘டென்னசி’. கனமான பாட்டு, ஆனால் யாரையும் மிரட்டவில்லை. கொலையைப் பற்றிப் பேசுகிறது, ஆனால் கொலைகாரர் யார் என்று விரல் நீட்டவில்லை. அந்த மரங்களில் கயிறு கட்டியது யார் என்று பாட்டில் ஒரு வரி கிடையாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. துக்கத்தில் இருக்கிறவன் அப்படித்தான் பேசுவான். ஆனால் வானொலிக்கு அந்த மௌனம் ரொம்ப வசதியாக இருந்தது என்பதையும் சொல்லாமல் விட முடியாது.

அடுத்த இரண்டு பாட்டுகள்

ஆல்பத்திலிருந்து தனியாக வெளியிட்ட இரண்டாவது பாட்டு, அதாவது சிங்கிள், ‘பீப்பிள் எவ்ரிடே’, 8ஆம் இடம். பிரிட்டனில் இரண்டாம் இடம் வரை போனது. ஸ்லை அண்ட் த ஃபேமிலி ஸ்டோனின் 1968ஆம் ஆண்டுப் பாட்டை அடித்தளமாக வைத்து எழுந்தது. பழைய மெட்டு காதில் விழுந்ததும் நாற்பது வயதுக்காரருக்கும் தன் இளமைக்காலம் ஞாபகம் வந்துவிடும். அந்த வகையில் இதுவும் வானொலிக்கு ஏற்றதுதான்.

பாட்டின் கதை வேறு. நாயகன் தன் காதலியோடு பூங்காவில் இருக்கிறான். சில பையன்கள் குடித்துவிட்டு வம்பு செய்கிறார்கள், அந்தப் பெண்ணைத் தொடுகிறார்கள். கடைசியில் நாயகன் அவர்களில் ஒருவனை அடித்துப் போடுகிறான், தான் கேங்ஸ்டா ராப்பர் ஐஸ் க்யூப் இல்லை என்றும் சொல்லிக்கொள்கிறான். தன்னை ஆப்பிரிக்கன் என்றும், அடி வாங்கியவனை இனவெறியர்கள் பயன்படுத்தும் அந்த வசைச்சொல்லாலும் குறிப்பிட்டு முடிக்கிறான். அமைதிக் குழு என்று பெயர் வாங்கியவர்களின் பாட்டு அடிதடியில் முடிகிறது என்பதை வானொலியில் பலர் கவனிக்கவே இல்லை, ராகம் அப்படி. கவனித்தவர்களுக்கு வேறு கேள்வி எழுந்தது. நல்ல கறுப்பினத்தவன், கெட்ட கறுப்பினத்தவன் என்று பிரிப்பது யாருக்கு உதவும்? தெருமுனையில் நிற்கிற பையனை அங்கே நிறுத்தியது எது என்று பாட்டு கேட்கிறதா? கேட்கவில்லை. சமூக அக்கறைப் பாட்டு என்ற முத்திரை இந்தப் பாட்டுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு.

மூன்றாவது ‘மிஸ்டர் வென்டல்’, மறுபடியும் 6ஆம் இடம். வீடில்லாமல் தெருவில் வாழும் ஒருவரைப் பற்றிய பாட்டு. அவரிடம் கற்றுக்கொள்ள எனக்கு நிறைய இருக்கிறது என்கிறார் பாடகர். இந்த சிங்கிளின் ராயல்டியில் பாதியை வீடற்றோருக்கான தேசியக் கூட்டமைப்புக்குக் கொடுத்தார்கள். மூன்றில் இதுதான் நேரடியான பாட்டு, சொன்னதற்கு ஏற்பப் பணத்தையும் வைத்த பாட்டு. என் கணக்கில் மூன்றில் நேர்மையானதும் இதுதான்.

1993 பிப்ரவரியில் கிராமி விருது. சிறந்த புதுக் கலைஞர் விருதை வாங்கிய முதல் ஹிப்-ஹாப் குழு இவர்கள்தான். தோற்றவர்களில் முன்சொன்ன க்ரிஸ் க்ராஸும் உண்டு. சிறந்த ராப் குழு விருதும் கிடைத்தது. வில்லேஜ் வாய்ஸ் பத்திரிகை நடத்திய விமர்சகர் வாக்கெடுப்பில் 1992ஆம் ஆண்டின் சிறந்த ஆல்பமும் இதுவே. நாற்பது லட்சம் பிரதிகள்.

ஒரு சொல்லின் விலை

பண விஷயத்தையும் பார்க்க வேண்டும். ‘டென்னசி’யின் தலைப்புச் சொல்லை உச்சரிப்பது பாப் பாடகர் பிரின்ஸின் குரல். அவருடைய 1988ஆம் ஆண்டு ‘ஆல்ஃபபெட் ஸ்ட்ரீட்’ பாட்டிலிருந்து அந்த ஒரு சொல்லை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்கள். அனுமதி வாங்கவில்லை. பாட்டு நன்றாக ஓடி முடியும்வரை பிரின்ஸ் தரப்பு பொறுமையாக இருந்தது, அப்புறம் கூப்பிட்டு ஒரு லட்சம் டாலர் கேட்டது. ஸ்பீச் இதைப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார், பெரிய கசப்பில்லாமல்தான் சொல்கிறார். முன்கூட்டியே தடுத்திருந்தால் பாட்டே வெளிவந்திருக்காது அல்லவா.

ஆல்பம் வெளிவருவதற்குச் சில மாதங்கள் முன்பு, 1991 டிசம்பரில், பிஸ் மார்க்கி என்ற ராப்பர் அனுமதியில்லாமல் சாம்பிள் (வேறு பாட்டின் துண்டு) எடுத்த வழக்கில் நியூயார்க் நீதிபதி ஒருவர் பைபிளின் ‘திருடாதிருப்பாயாக’ என்ற கட்டளையோடு தீர்ப்பைத் தொடங்கியிருந்தார். அதுவரை சாம்பிள் எடுப்பது ஹிப்-ஹாப்பில் மூச்சு விடுவது போல. அதன்பின் ஒவ்வொரு துண்டுக்கும் வக்கீல், ஒவ்வொரு துண்டுக்கும் பேரம். பப்ளிக் எனிமி மாதிரி ஒரே பாட்டில் பல துண்டுகளை அடுக்குவது கட்டுப்படியாகாமல் போனது. தெரிந்த பழைய பாட்டு ஒன்றை முழுசாக எடுத்து, அதற்கு மட்டும் பணம் கட்டி, அதன் மேல் ராப் செய்வது லாபம். வானொலிக்கும் அதுவே பிடித்தம். சட்டமும் சந்தையும் சேர்ந்து ராப்பின் ஒலியை இனிமையான பக்கமாகத் தள்ளிய காலம் அது.

சரிவு

1992 டிசம்பரில் கேங்ஸ்டா ராப்பர் டாக்டர் ட்ரேயின் ‘த க்ரானிக்’ ஆல்பம் வந்தது. சொற்களை எடுத்துக்கொண்டால் அரெஸ்டட் டெவலப்மென்டுக்கு நேர் எதிர். ஆனால் அதன் முதல் சிங்கிள் ஹாட் 100இல் இரண்டாம் இடம் வரை போனது. எப்படி? எழுபதுகளின் ஃபங்க் இசையை அப்படியே இழைத்த மெதுவான, வழுக்கிக்கொண்டு போகும் ஒலி. கெட்ட வார்த்தைகளை மறைத்த வானொலிப் பதிப்பு ஒன்று தயார் செய்தால் போதும். வானொலி ராப்பின் சொற்களுக்குப் பயந்ததாக எல்லோரும் நினைத்தார்கள். அதன் சத்தத்துக்குத்தான் பயந்தது என்பது இங்கே அம்பலமாகிறது. ‘டென்னசி’யும் ட்ரேயும் ஒரே கதவு வழியாக, ஒரே காரணத்துக்காக உள்ளே வந்தவர்கள். ஒருவர் கையில் முன்னோர்களின் கதை, இன்னொருவர் கையில் வேறு சமாச்சாரம்.

பத்திரிகைகள் இதை அப்படிப் பார்க்கவில்லை. நல்ல ராப்புக்கு அரெஸ்டட் டெவலப்மென்ட், கெட்ட ராப்புக்கு ட்ரேவும் கூட்டமும் என்று பெஞ்ச் போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். ராப்பே பிடிக்காதவர்கள் ‘இந்த மாதிரி இருந்தால் பரவாயில்லை’ என்று ஸ்பீச்சைக் காட்டினார்கள். அந்தப் பாராட்டு அந்தக் குழுவைக் கொன்றது என்றே நினைக்கிறேன். பெற்றோர் சிபாரிசு செய்யும் ராப்பை எந்தப் பதினேழு வயசுப் பையன் வாங்குவான்?

1994இல் இரண்டாவது ஆல்பம் ‘ஜிங்கலமதுனி’. ஆப்பிரிக்க அடையாளம், ஒற்றுமை என்று கருத்து முன்னுக்கு வந்தது. மெட்டு பின்னுக்குப் போனது. டியான் ஃபாரிஸ் அதற்குள் விலகிவிட்டார். அவர் 1995இல் தனியாகப் பாடிய ‘ஐ நோ’ 4ஆம் இடம் பிடித்தது. குழுவின் எந்த சிங்கிளும் தொடாத இடம் அது. குழு எதை இழந்தது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. புது ஆல்பத்தின் எந்தப் பாட்டும் முதல் நாற்பதுக்குள் வரவில்லை. முதல் ஆல்பம் நாற்பது லட்சம் விற்ற குழுவுக்கு இது அடி. பணமும் பெயரும் யாருக்கு எவ்வளவு என்ற உரசல்களும் சேர்ந்துகொண்டன. 1996இல் குழு கலைந்தது.

பாட்டு மோசமானதால் தோற்றார்கள் என்று சொல்லிவிட முடியாது, நல்ல பாட்டுகள் அதில் உண்டு. ஆனால் முதல் ஆல்பத்தின் வெற்றியை அவர்கள் தவறாகப் படித்துவிட்டார்கள் என்று எனக்குப் படுகிறது. நாட்டுக்கு எங்கள் கருத்து தேவைப்படுகிறது என்று எடுத்துக்கொண்டார்கள். நாடு வாங்கியது ஒரு பேரனின் அழுகையையும் ஒரு கோரஸையும்.

வேறு பாட்டுகளில் இது பொருந்துகிறதா

ஒரே ஒரு குழுவை வைத்து விதி எழுதக் கூடாது, சரி. பின்னால் வந்தவற்றையும் பார்ப்போம். 1995இல் கூலியோவின் ‘கேங்ஸ்டாஸ் பேரடைஸ்’ அந்த ஆண்டின் முதலிடப் பாட்டானது. தெருவன்முறையில் சிக்கிய ஒருவனின் புலம்பல் அது. ஸ்டீவி வொண்டரின் மெட்டு, கோரஸுக்கு எல்.வி. என்ற பாடகரின் கனத்த குரல். கெட்ட வார்த்தை இருந்தால் மெட்டைத் தர மாட்டேன் என்று வொண்டர் சொன்னதால் பாட்டு சுத்தமாக வந்தது, வானொலிக்கு அப்படியே பொருந்தியது. 1998இல் லாரின் ஹில் ‘டூ வாப்’ பாட்டோடு முதலிடத்துக்கு வந்தார். ஆணுக்கும் பெண்ணுக்கும் புத்தி சொல்லும் பாட்டு, ஐம்பதுகளின் குரலிசை வாசனையோடு. 2003இல் பிளாக் ஐட் பீஸ், போர் எதிர்ப்பைப் பாடிய ‘வேர் இஸ் த லவ்’ பாட்டில் ஜஸ்டின் டிம்பர்லேக்கைக் கோரஸுக்குக் கூப்பிட்டார்கள்.

எல்லாவற்றிலும் பாடத் தெரிந்த ஒரு குரல், தெரிந்த ஒரு ராகம், வானொலிக்கு ஒத்துவராத சத்தம் இல்லாமை. சொல்ல வந்த விஷயம் அதற்குள் உட்கார்ந்திருக்கிறது. இதில் அடங்காத பாட்டுகளும் இருக்கின்றன, ஆனால் அவை வானொலியைத் தாண்டி, யூடியூபும் ஸ்ட்ரீமிங்கும் வந்த பிறகு ஜெயித்தவை.

வானொலியும் அதற்குள் மாறிவிட்டது. 1996ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம், நாடு முழுவதும் ஒரு நிறுவனம் எத்தனை நிலையம் வைத்திருக்கலாம் என்ற உச்சவரம்பையே எடுத்துவிட்டது. சில வருஷத்தில் கிளியர் சேனல் என்ற ஒரே நிறுவனத்திடம் 1,200க்கும் மேற்பட்ட நிலையங்கள் சேர்ந்தன. ஊருக்கு ஊர் ஒரு நிர்வாகி, அவருக்குத் தோன்றியதைப் போட்டுப் பார்க்கும் துணிச்சல் என்பதெல்லாம் சுருங்கிப் போனது. ரிப்லி, டயர்ஸ்பர்க் என்று ஊர்ப்பெயர் சொல்லும் புதுக் குழு ஒன்றின் முதல் சிங்கிள், அந்த அமைப்பில் எத்தனை மேசைகளைத் தாண்ட வேண்டியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

குழு 2000த்தில் மறுபடியும் சேர்ந்தது, இன்றும் பாட்டுகள் வெளியிடுகிறது. 2003இல் ஃபாக்ஸ் தொலைக்காட்சி அதே பெயரில் நகைச்சுவைத் தொடர் ஒன்றைத் தொடங்கியபோது வழக்குப் போட்டார்கள், சமரசத்தில் முடிந்தது. இன்று அந்தப் பெயரை இணையத்தில் தேடினால் முதலில் வருவது அந்தத் தொடர்தான். ஸ்பீச் 1996இல் தனியாக ஒரு ஆல்பம் போட்டார். சொந்த நாட்டு வானொலிகள் கண்டுகொள்ளவில்லை. ஜப்பானில் பெரிய வெற்றி, அதில் ஒரு பாட்டு அங்கே வானொலியில் நன்றாக ஓடியது. மார்வின் கேயின் பெயரைச் சொல்லி, நாட்டில் என்னதான் நடக்கிறது என்று கேட்கும் பாட்டு அது.